மிக்ஸிக்கு அடியில் ஒரு தேதி: திரும்பி வருபவர்களை எண்ணிப் பார்த்த அனுபவம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் சித்தப்பா மிக்ஸி, ஃபேன், இன்வெர்ட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். எந்த மிக்ஸி வந்தாலும், வேலை முடிந்ததும் அடித்தட்டை மூடுவதற்கு முன்னால் அதன் உட்பக்கம் மார்க்கரில் தேதியும் என்ன மாற்றினார் என்பதும் கிறுக்கிவிடுவார். "கார்பன்", "புஷ்", "கப்ளர்", அவ்வளவுதான். அடுத்த முறை அதே மிக்ஸி வந்தால் கொண்டுவந்த ஆளின் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார். நாலு ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இது நம்ம கைக்கு மூணாவது வாட்டி வருது பாப்பா" என்பார்.

வந்தவரை அடுத்த முறை அடையாளம் காண ஒரு தளம் அவருடைய உலாவியில் போட்டுவைக்கிற சின்னக் குறிப்புக்குக் குக்கீ என்று பெயர். அதைப் பற்றி நான் எத்தனையோ இடத்தில் படித்திருந்தாலும், நிஜமாகப் புரிந்தது அந்தக் கிறுக்கலைப் பார்த்த பிறகுதான். அதன் கோளாறுகளும் அப்படியேதான். அதே வீட்டுக்காரர் வேறு மிக்ஸியைக் கொண்டுவந்தால் சித்தப்பாவின் கணக்கில் அவர் புது ஆள். யாராவது அடித்தட்டை மாற்றியிருந்தாலும் புது ஆள்தான். பக்கத்து வீட்டுக்காரர் அதே மிக்ஸியை விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தாலோ, பழைய ஆள்!

நான் புதுப்பாளையத்தில் வீட்டிலிருந்தபடி ஒரு சின்னத் தளம் நடத்துகிறேன். இன்வெர்ட்டர், பேட்டரி, சார்ஜிங் ஃபேன், எமர்ஜென்சி லைட், மிக்ஸி ஆகியவற்றைப் பற்றி எழுதுகிறேன், கடலோரத்து வீடுகளை மனதில் வைத்து. சென்னையிலோ கோவையிலோ இருந்து எழுதுகிறவர்களுக்கு உப்புக்காற்று ஒரு பொருளை என்ன பாடு படுத்தும் என்று தெரியாது. தேவனாம்பட்டினத்தில் அத்தை வீட்டு மொட்டை மாடி ரூமில் வைத்த டேபிள் ஃபேனின் கம்பிக்கூடு ஒரே மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாகத் துரு ஏறிவிட்டது. அந்த மாதிரி விஷயங்களைப் படத்தோடு போடுகிறேன். என் லிங்க் வழியாகப் போய் வாங்கினால் கடை எனக்குக் கமிஷன் தரும். வருமானம் முழுக்க அதுதான்.

ஆரம்பத்தில் நான் பார்த்தது ஒரே ஒரு எண்: இன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள். அது ஏறினால் சந்தோஷம், இறங்கினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. திரும்பி வருபவர்களைப் பற்றி யோசிக்க வைத்தது அமேசானின் 24 மணி நேரக் கணக்கு.

புதிதாக வருகிறவர்களுக்காக அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒருவர் என் லிங்கை அழுத்தி அமேசானுக்குள் போனால், அதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் அவர் வாங்குவதற்குத்தான் எனக்குக் கமிஷன். அதற்குள் பொருளைக் கூடையில் போட்டுவிட்டால் ஏறக்குறைய மூன்று மாதம் அவகாசம் உண்டு. போடாமல் போய்விட்டால் என் பங்கு முடிந்தது. (வேடிக்கை என்னவென்றால், அந்த 24 மணி நேரத்துக்குள் அவர் வேறு எதை வாங்கினாலும் கணக்கில் வரலாம். இன்வெர்ட்டர் லிங்கில் போன ஒருவர் பிள்ளைக்கு டயப்பர் மட்டும் வாங்கிய நாளும் உண்டு.)

இப்போது இன்வெர்ட்டர் வாங்குகிறவரை நினைத்துப் பாருங்கள். இருபதாயிரம் ரூபாய் சமாச்சாரம். இன்று படிப்பார். ராத்திரி வீட்டில் பேசுவார். மறுநாள் லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடையில் விலை கேட்பார். மச்சானுக்குப் போன் போடுவார். சம்பளம் வரட்டும் என்பார். நாலைந்து நாள் கழித்து வாங்க உட்காரும்போது என் லிங்கின் ஆயுள் எப்போதோ முடிந்திருக்கும். அன்றைக்கு அவர் நேராக ஆப்பைத் திறந்தால் எனக்கு ஒரு பைசா இல்லை. "அந்தக் கடலூர்ப் பொண்ணு எழுதினதை இன்னொரு தடவை பார்த்துடலாம்" என்று என் பக்கத்துக்கு வந்து லிங்கை அழுத்தினால் மட்டுமே கமிஷன். திரும்பி வருகிறவர் மதிப்பானவர் என்று எல்லோரும் சும்மா சொல்வார்கள். என் தொழிலில் அது நேரடிக் கூட்டல் கழித்தல்.

சரி, எண்ணலாம் என்று, தளத்துக்கு வருகிறவர்களை எண்ணித் தருகிற கூகுள் அனலிட்டிக்ஸில் ரிட்டென்ஷன் அறிக்கையை, அதாவது திரும்பி வருகிறவர்கள் கணக்கை, திறந்தேன். திரும்பி வருகிறவர்கள் எண்ணிக்கை நான் நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது. இரண்டு வாரம் தெம்பாகத் திரிந்தேன். பிறகு ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தால் அவர்களில் பெரும் பங்கு கடலூர். மணிவாரியாகப் பார்த்தால் பிள்ளையைத் தூங்கவைத்த பிறகு, ராத்திரி பத்திலிருந்து பன்னிரண்டு. வேறு யார்? நானேதான். எழுத்துப்பிழை திருத்த, படம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க, விலை மாறியதா என்று பார்க்க, ஒரு நாளைக்கு முப்பது தடவை என் கடைக்குள் நானே நுழைந்து நுழைந்து வெளியே வந்திருக்கிறேன்.

வீட்டு பிராட்பேண்டின் ஐ.பி. முகவரியை (இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) நம் சொந்த வருகை என்று குறித்து, கணக்கிலிருந்து விலக்க அனலிட்டிக்ஸில் வசதி உண்டு. நான் குறித்தும் வைத்தேன். எண் குறையவே இல்லை. ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த வடிகட்டி முதலில் சோதனை நிலையில் மட்டுமே நிற்கும், நாமாகப் போய் அதை ஆக்டிவ் ஆக்க வேண்டும் என்று. அதற்குப் பிறகும் மொபைல் டேட்டாவில் முகவரி மாறிக்கொண்டே இருந்ததால் என் போன் வழியாகக் கசிந்தது. கடைசியில், தளத்தில் அட்மினாக லாகின் செய்திருப்பவருக்கு அனலிட்டிக்ஸ் கோடே ஓடக்கூடாது என்று வைத்த பிறகுதான் நான் என் கணக்கிலிருந்து ஒழிந்தேன். புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். பழைய கணக்கைப் பின்னால் போய்த் திருத்த முடியாது.

இன்னொன்றையும் முதல் நாளே செய்திருக்க வேண்டும். தனி ஆட்களின் தடத்தைச் சேர்த்துவைக்கும் காலம் அதில் 2 மாதம் என்றுதான் முதலில் இருக்கும். செட்டிங்கில் 14 மாதமாக மாற்றிக்கொள்ளலாம், காசு கிடையாது. வழக்கமான அறிக்கைகளுக்கு இதனால் பாதிப்பில்லை. ஆனால் 2 மாதத்திலேயே விட்டுவைத்தால், நாமே கேள்வி கேட்டுப் பார்க்கிற எக்ஸ்ப்ளோர் பகுதியில் "மார்ச்சில் முதன்முதலாக வந்தவர்கள் ஜூனில் வந்தார்களா" என்று கேட்டால் பதில் வராது. நான் கேட்ட அன்று வரவில்லை. அந்தக் கோடைக்காலம் முழுக்கப் போனது போனதுதான்.

சதவீதம் எவ்வளவு பெரிய பொய் சொல்லும் என்று காட்டியது ஃபெஞ்சல் புயல்.

2024 நவம்பர் 30 இரவு அது புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து எங்கள் பக்கம் பல இடங்களை மூழ்கடித்தது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கரண்ட் இல்லாத அந்த நாட்கள் இன்னும் ஞாபகம் இருக்கின்றன, ஊரில் யாரும் மறக்கவில்லை. அதனால் புயல் என்ற பேச்சு எழுந்ததுமே எமர்ஜென்சி லைட், பவர் பேங்க், இன்வெர்ட்டர் என்று தேட ஆரம்பித்துவிட்டார்கள். என் தளத்துக்கு அதுவரை காணாத கூட்டம். திரும்பி வருகிறவர்களின் சதவீதமோ தரையைத் தொட்டது.

நான் பயந்துபோய் பக்கங்களில் என்னவெல்லாமோ மாற்றத் தொடங்கினேன். பிறகு ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். வாரத்துக்கு 1,000 பேர் வந்து அதில் 200 பேர் பழையவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், 20 சதவீதம். புயல் வாரத்தில் 5,000 பேர் வந்து 300 பேர் பழையவர்கள் என்றால் 6 சதவீதம். வரைபடம் பாதாளத்துக்குப் போகும், ஆனால் பழையவர்கள் நூறு பேர் கூடியிருக்கிறார்கள். புது ஆள் வருவது குறைந்தால் இதே சதவீதம் தானாக ஏறும், தளம் செத்துக்கொண்டிருக்கும்போதுகூட. அன்றிலிருந்து சதவீதத்தைப் பார்ப்பதை விட்டேன். தலை எண்ணிக்கைதான்.

அதிலும் ஒரு சூட்சுமம். ஒரே ஆள் மாத ஆரம்பத்தில் முதல் முறை வந்து, மாதக் கடைசியில் மறுபடி வந்தால், அந்த மாத அறிக்கையில் அவர் புதியவர் பட்டியலிலும் இருப்பார், திரும்பியவர் பட்டியலிலும் இருப்பார். இரண்டையும் கூட்டினால் மொத்தத்தைவிட அதிகமாக வரும். எடுக்கிற காலம் நீள நீள இந்த இரட்டைக் கணக்கும் கூடும். 7 நாளை 7 நாளோடும் 28 நாளை 28 நாளோடும்தான் ஒப்பிட வேண்டும்.

இப்போது நான் எண்ணுவது இப்படி. எக்ஸ்ப்ளோரில் கோஹார்ட் அட்டவணை. ஒரு வாரத்தில் முதன்முதலாக வந்தவர்களை ஒரு கூட்டமாக நிறுத்தி, அடுத்த நாலு வாரத்தில் அந்தக் கூட்டத்திலிருந்து எத்தனை பேர் வந்தார்கள், வந்தவர்களில் எத்தனை பேர் வெளி லிங்கை அழுத்தினார்கள் என்று பார்க்கிறேன். சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர் எனக்கு வயிற்றுப்பாட்டுக்கு உதவமாட்டார், அழுத்தினால்தான் கணக்கு. புயல் வாரத்துக் கூட்டத்தை இப்படிப் பின்தொடர்ந்து பார்த்தேன். அநேகமாக ஒருவரும் திரும்பவில்லை. யோசித்தால் நியாயம்தான். அன்றைக்கு ராத்திரிக்கே வெளிச்சம் வேண்டும் என்று வந்தவர்கள் அவர்கள். ரோட்டில் தண்ணீர் ஓடும்போது எந்தக் கூரியர் வரும்? மாறாக, மார்ச், ஏப்ரலில் வெயிலுக்கு முன்னால் வந்த சிறு கூட்டம் வாரா வாரம் தலைகாட்டியது.

ஐபோன்காரர்களை மட்டும் தனியாக வைத்துவிடுகிறேன். ஐபோனின் சஃபாரி உலாவி, அனலிட்டிக்ஸ் மாதிரியான ஸ்கிரிப்ட் வைக்கிற குக்கீயை 7 நாளில் அழித்துவிடும். எட்டாவது நாள் வருகிறவர் புது ஆள். ஐபோனில் குரோம் வைத்திருந்தாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் இஞ்சின்தான் என்பதால் அதே கதை. இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே திறக்கிற ஜன்னலும் போனின் குரோமும் ஒன்றையொன்று அறியாது, ஒரே ஆள் அங்கே ஒருவர், இங்கே ஒருவர். இதையெல்லாம் சரிசெய்ய நம்மால் ஆகாது. அதனால் ஆண்ட்ராய்டு குரோமில் வருகிறவர்களை மட்டும் பிரித்து, அதை வெப்பமானி மாதிரி வைத்துக்கொண்டேன். என் வாசகர்களில் பெரும்பாலோர் அதில்தான் வருகிறார்கள். மொத்த எண் சரியாக இருக்காது, ஏறுகிறதா இறங்குகிறதா என்பது சரியாக இருக்கும். சித்தப்பாவும் எல்லா மிக்ஸியையும் அடையாளம் கண்டுவிடுவதில்லையே.

இனி, எது அவர்களைத் திரும்ப வரவழைத்தது.

முதலில் தோற்றவை. "நோட்டிஃபிகேஷன் அனுப்பட்டுமா" என்று கேட்கிற பெட்டியை வைத்தேன். தினம் ஒரு ஆஃபர் அனுப்பினேன். வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். வருகை எண் அழகாக ஏறியது, லிங்க் அழுத்தல் அசையவே இல்லை. அந்தப் பெட்டியால் எரிச்சலடைந்து முதல் வருகையிலேயே ஓடியவர்கள் எத்தனை பேரோ. ஆறு வாரத்தில் தூக்கிவிட்டேன்.

பலித்த ஒன்று, யோசித்துச் செய்ததல்ல. அத்தை வீட்டு டேபிள் ஃபேன் துருப்பிடித்த படத்தை, முதலில் எழுதிய அதே பக்கத்தின் மேலேயே "ஆறு மாசம் கழிச்சு" என்று தேதி போட்டுச் சேர்த்தேன். கூட்டின் எந்த வளையத்தில் துரு முதலில் வந்தது, பெயிண்ட் போன இடத்தில் விரல் வைத்தால் பொடி ஒட்டுகிறது, மோட்டார் பின்மூடி ஸ்க்ரூ கழற்ற முடியாமல் இறுகிவிட்டது, எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்துத்தான் கழற்றினோம் என்று எழுதினேன். அந்தப் பக்கத்துக்குத் திரும்பி வருகிறவர்கள் கூடினார்கள். அடுத்து ஒவ்வொரு பொருளுக்கும் "அடுத்த பார்வை: ஆகஸ்ட்" என்று பக்கத்தின் தலையிலேயே எழுதி வைத்தேன். சொன்ன மாதத்தில் சொன்னபடி எழுதவும் செய்தேன். ஒருமுறை ஆகஸ்டைத் தவறவிட்டு அக்டோபரில் போட்டேன், அந்தக் கூட்டம் கரைந்தே போயிருந்தது. வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான், இல்லாவிட்டால் மாதத்தின் பெயரைப் போடவே கூடாது.

இரண்டாவது, பேட்டரித் தண்ணீர். டியூபுலர் பேட்டரிக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மிதவையைப் பார்த்து, குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். எல்லோருக்கும் தெரியும், ஒருவருக்கும் நினைவிருக்காது. சித்தப்பா கடைக்கு வருகிற பேட்டரிகளில் பாதி வறண்டு செத்தவை. கடலோரத்தில் கூடவே டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும். வெந்நீரில் சோடா உப்பைக் கரைத்துத் துடைத்து, காயவைத்து, வாசலின் தடவ வேண்டும். சோடா உப்புத் தண்ணீர் ஒரு சொட்டுகூடப் பேட்டரிக்குள் இறங்கக்கூடாது, மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறு வாட்ஸ்அப் சேனலில் "இன்னைக்குப் பேட்டரித் தண்ணி பாருங்க" என்று ஒரே வரியோடு அந்தப் பக்கத்தின் லிங்கைப் போடுகிறேன். கடை லிங்கைச் சேனலில் போடுவதில்லை. எந்தக் கமிஷன் திட்டத்தின் லிங்கை எங்கெல்லாம் போடலாம் என்பதற்குக் கறாரான விதிகள் உண்டு, மீறினால் கணக்கையே மூடிவிடுவார்கள். நான் போடுகிற லிங்கின் கடைசியில் யூ.டி.எம். ஒட்டு ஒன்றை, அதாவது வந்தவர் எங்கிருந்து வந்தார் என்று அனலிட்டிக்ஸுக்குச் சொல்கிற துண்டை, மறக்காமல் சேர்ப்பேன். அது இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் "நேரடி வருகை" என்ற குப்பைத்தொட்டியில் போய் விழுவார்கள். (ஒரு காலத்தில் என் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகிற லிங்கிலும் அந்த ஒட்டைப் போட்டு, யார் எங்கிருந்து வந்தார்கள் என்ற கணக்கையே குழப்பிவைத்தேன். வெளியிலிருந்து வருகிற லிங்கில் மட்டும்தான் அது.)

டிஸ்டில்டு வாட்டரில் எனக்கு என்ன வருமானம்? ஒன்றுமில்லை, அதைத் தெருமுனையில் வாங்கிக்கொள்வார்கள். பேட்டரியிலும் பெரிதாக இல்லை. பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள் என்பதால் உள்ளூர்க் கடையில்தான் வாங்குகிறார்கள், வாங்கவும் வேண்டும். ஆனால் தண்ணீர் பார்க்க வந்தவர்கள்தான் சார்ஜிங் ஃபேனையும் எமர்ஜென்சி லைட்டையும் வாங்கினார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அமேசானில் ஒரே கணக்குக்குள் பல டிராக்கிங் ஐ.டி. (லிங்கில் சேர்க்கிற, கமிஷன் யாருக்கு என்று காட்டும் அடையாளம்) வைத்துக்கொள்ளலாம். தேடி வருகிறவர்கள் இறங்குகிற பக்கங்களுக்கு ஒன்று, "ஆறு மாசம் கழிச்சு" பக்கங்களுக்கு ஒன்று, தண்ணீர் பக்கத்துக்கு ஒன்று என்று மூன்றாகப் பிரித்தேன். தனி ஆள் யார் என்று அது சொல்லாது, எந்த மாதிரிப் பக்கம் சோறு போடுகிறது என்று சொல்லும். முதலாவதில் கிளிக் ஏராளம், ஆர்டர் சொற்பம். மற்ற இரண்டில் கிளிக் கம்மி, ஆனால் அழுத்தியவர்களில் வாங்கியவர்கள் அதிகம்.

இதே ஐ.டி. விஷயத்தில்தான் என் பெரிய நஷ்டமும். தளத்தின் தோற்றத்தை மாற்றித் தருகிறேன் என்ற ஒரு நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தேன். அவர்கள் லிங்குகளை "சுத்தப்படுத்தி", கேள்விக்குறிக்குப் பின்னால் இருந்ததையெல்லாம் வெட்டிவிட்டார்கள். என் டிராக்கிங் ஐ.டி. இருந்ததே அங்கேதான். பக்கம் பளிச்சென்று இருந்தது, லிங்க் வேலை செய்தது, பொருள் திறந்தது. மூன்று வாரம் எனக்குக் கமிஷன் பூஜ்யம். அனலிட்டிக்ஸில் அழுத்தல் ஏறுகிறது, அமேசான் அறிக்கையில் கிளிக் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் விட்டது என் தப்பு. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு எண்களையும் ஒரு நோட்டில் அடுத்தடுத்து எழுதுகிறேன். ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தாது, ஆனால் ஒன்று ஏறும்போது மற்றது சாய்ந்தால் அன்றைக்கே லிங்கை அழுத்திப் பார்த்துவிடுவேன். தீர்ந்துபோன பொருளுக்குப் போகிற லிங்கையும் அன்றே மாற்றிவிடுவேன். திரும்பி வந்தவருக்கு "இப்போது கிடைக்காது" என்ற பக்கத்தைக் காட்டுவது, கடைக்கு வந்தவரைப் பூட்டைப் பார்க்க வைப்பது மாதிரி.

வெள்ளம் வடிந்த வாரத்தில் எழுதிய ஒரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். தண்ணீரில் நின்ற இன்வெர்ட்டரை என்ன செய்வது: சுவிட்சைப் போட்டுப் பார்க்காதீர்கள், உலர்ந்த மாதிரித் தெரிந்தாலும் உள்ளே சேறு இருக்கும், மெக்கானிக் திறந்து பார்க்கட்டும். சித்தப்பா சொல்லச் சொல்லத் தட்டினேன். ஒரு லிங்க்கூட இல்லை. புயல் வாரத்துக் கூட்டம் கரைந்துபோனது என்றேனே, இந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் அப்படிக் கரையவில்லை. தை பிறந்த பிறகு வந்து "ஆறு மாசம் கழிச்சு" பக்கங்களைப் புரட்டினார்கள். பார்த்துவிட்டு என் கை துறுதுறுத்தது, அந்தப் பக்கத்திலும் இரண்டு லிங்க் போட்டுவிடலாமா என்று. இன்றுவரை போடவில்லை. மற்ற பக்கங்களின் தலையில் "இந்த லிங்கில் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும்" என்று தமிழில் பச்சையாகவே எழுதியிருக்கிறேன். விளம்பர உறவை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டி வெளியிட்டது. எழுதியதால் யாரும் வராமல் போனதாகத் தெரியவில்லை.

போன வாரம் சித்தப்பா கடையில் உட்கார்ந்து இந்தக் கணக்குகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே ஒரு மிக்ஸியின் அடித்தட்டைக் கழற்றினார். உள்ளே அவருடைய கையெழுத்து. பக்கத்தில் வேறு யாரோ சிவப்பு மார்க்கரில் எழுதிய இன்னொரு தேதி.

"இடையில வேற கடைக்குப் போயிட்டு வந்திருக்கு பாப்பா. இத உன் கம்ப்யூட்டர் காட்டுமா?"

"காட்டாது சித்தப்பா."

தட்டைத் துடைத்துவிட்டுச் சிவப்புத் தேதிக்குக் கீழே அன்றைய தேதியை எழுதினார். "கார்பன்" என்று எழுதி, கொஞ்சம் யோசித்து, "இலவசம்" என்று சேர்த்தார்.